மாடி அறைக் கல்யாணப் படம்

எங்கள் வீட்டைப் பார்த்து, "சூப்பர் சார், அப்படியே பேய் வூடு மாதிரி இருக்குது" என்று ஒருவன் என் முகத்துக்கு நேராகச் சொன்னான். பாராட்டாகத்தான் சொன்னான். கையிலிருந்த ஸ்பானரை நான் அவன் மேல் எறியாமல் விட்டது அவனைப் பெற்றவர்கள் செய்த புண்ணியம்.

அவன் பெயர் ஞானசேகரன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். 2010ஆம் வருஷம் ஆனி மாதத்தில் சொந்தமாக ஒரு சினிமா எடுக்கப் புறப்பட்டிருந்தான். கூட வந்தவர்களும் கல்யாண ஆட்கள்தான். மேடைக்குப் பூ ஜோடிக்கிற சபேசன்தான் ஆர்ட் டைரக்டராம். மாப்பிள்ளை பெண் தலையில் அட்சதை விழுவதைப் படம் பிடித்துக்கொண்டிருந்த கூட்டம் பேயைப் பிடிக்க வந்திருந்தது. கேமராவைப் பார்த்தேன். போட்டோ ஸ்டுடியோவில் கழுத்தில் மாட்டியிருப்பார்களே, அந்த அளவுதான். "இதுலயா சினிமா?" என்று கேட்டேன். "இப்பல்லாம் இதுலதான் சார்" என்றான்.

எனக்குக் கிள்ளை கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. வீடு அங்கிருந்து பிச்சாவரம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கிறது. கீழே ஒரு பெரிய கூடம், இரண்டு அறை. மாடியில் ஒரே ஒரு அறை. அக்கம்பக்கம் வீடு கிடையாது. அதனால்தான் அவனுக்குப் பிடித்திருந்தது.

"கதை சிம்பிள் சார்" என்றான். "சென்னைலேருந்து புதுசா கல்யாணம் ஆன ஒரு ஜோடி நாலு நாள் நிம்மதியா இருக்கலாம்னு கிராமத்து வூட்டுக்கு வராங்க. அதே வூட்ல முன்னாடி ஒரு ஜோடி செத்துப் போயிருக்குது. செத்தவங்க ரெண்டு பேரும் இவங்கள வுடமாட்டாங்க. அவ்ளோதான். ஜாஸ்தி ஆளு தேவையில்ல, செட்டு தேவையில்ல."

அவனுக்கு எதுவும் தெரியாது. தெரிந்து சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டு நின்றிருக்கமாட்டேன். கேட்டைச் சாத்தப் போனேன். எனக்குப் பின்னால் என் மனைவி சௌந்தரத்தின் குரல் கேட்டது.

"எடுத்துக்கட்டுங்க. புதுசா கல்யாணம் ஆன ஜோடின்றாங்க இல்ல. வூட்ல கொஞ்சம் பேச்சு சத்தம் கேக்கட்டும்."

அவள் வெளியாட்கள் முன்னால் வந்து நின்று பேசியே வருஷக்கணக்காகிவிட்டது. அந்த ஆச்சரியத்தில் நானும் தலையாட்டிவிட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள், அருள்மொழி. 2004ஆம் வருஷம் கார்த்திகையில் மேல்பட்டாம்பாக்கத்துப் பையன் ராஜ்கமலுக்குக் கட்டிக்கொடுத்தோம். நெய்வேலியில் வேலை. நல்ல பையன், கொஞ்சம் விளையாட்டுப் புத்தி. அந்த மாடி அறையே அவர்கள் வந்தால் தங்குவதற்கென்று கட்டினதுதான். மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்கு வாருங்கள் என்று அழைத்தோம். வந்தார்கள். சிதம்பரத்தில் தேர் பார்த்தார்கள். மறுநாள் விடிவதற்கு முன்பே நானும் சௌந்தரமும் அபிஷேகம் பார்க்கக் கோயிலுக்குக் கிளம்பினோம். "நீங்க போங்கப்பா, நாங்க கடலைப் பாத்துட்டு தரிசனத்துக்கு வந்துடறோம்" என்றாள் அருள்மொழி. பாதித் தூக்கத்தில் மாடிப்படியில் நின்றுகொண்டுதான் சொன்னாள். தட்சிணாமூர்த்தி என்ற படகுக்காரர் இரண்டு பேரையும் உப்பனாற்றைத் தாண்டி அக்கரை மணல்மேட்டில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். ராஜசபையில் நாங்கள் அபிஷேகம் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் கடல் கரையேறி வந்தது.

மாப்பிள்ளையின் உடல் சுரபுன்னைக் காட்டில் வேருக்கு நடுவில் கிடைத்தது. அருள்மொழி கிடைக்கவே இல்லை. பரங்கிப்பேட்டை, கடலூர், நாகப்பட்டினம் என்று எந்த ஆஸ்பத்திரியையும் நான் விடவில்லை. பார்க்கக்கூடாததையெல்லாம் பார்த்தேன். அவள் மட்டும் இல்லை.

சம்பந்தி வீட்டில் மகனுக்குக் கருமாதி வைத்தபோது மருமகளுக்கும் சேர்த்துச் செய்துவிடலாம் என்றார்கள். அது முறைதான். ஆனால் சௌந்தரம் பந்தலுக்குள் போய் நின்றுகொண்டு, "உசுரோட இருக்கறவளுக்கு எள்ளுத் தண்ணி எறைக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். பெற்றவள் அப்படிச் சொல்லும்போது யார் என்ன செய்ய முடியும்? அவர்கள் கல்யாணப் படத்தில் தங்கள் மகனை மட்டும் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அதே படம் முழுசாக, மாலையில்லாமல், மாடி அறையில் மாட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சௌந்தரம் அந்த அறையைப் பெருக்கித் துடைப்பாள். யாராவது கேட்டால், "பொண்ணு வெளியூர்ல இருக்குது" என்பாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பைத்தியம் என்றார்கள், வேறு என்னென்னவோ சொன்னார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

எனக்குத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வைத்துக் கும்பிடுவோம். ஆடி வெள்ளியில் அவளுக்குப் புதுப் புடவை, பூ, மஞ்சள் வைத்துப் படைத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவோம். வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றாலும் முதல் மரியாதை அவளுக்குத்தான். ஆறு வருஷமாக என் மகளுக்கு ஒரு பிடி சோறு வைக்கவில்லை. அவள் பசியோடு வாசலில் நிற்கிறாள் என்றே எனக்குத் தோன்றும். சாப்பாட்டில் கை வைக்கும்போதெல்லாம் தோன்றும். சௌந்தரத்திடம் சொல்ல முடியாது. சொன்னால் மகளை நான் சாகடித்த மாதிரி ஆகிவிடும்.

என் அக்கா இருசம்மாள் ஒருத்திதான் நேரடியாகக் கேட்டாள். அவளுக்கு நாக்கில் நரம்பு கிடையாது. "மாப்ள போனது நிச்சயம். அப்ப உம் பொண்ணு உசுரோட இருந்தா தாலி அறுத்தவ. அவனுக்கு முன்ன போயிருந்தா பூவாடைக்காரி. எது வேணும்னு நீயே சொல்லு" என்று சௌந்தரத்தைக் கேட்டாள். சௌந்தரம் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அக்கா வந்தால் இவள் வெளியே வருவதில்லை.

இந்த லட்சணத்தில்தான் பேய்ப்படக்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

பேய்ப்படம் என்றால் இராத்திரியில் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இவர்கள் பட்டப்பகலில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து, வாசலுக்கும் ஒரு துணியைத் தொங்கவிட்டு, உள்ளே இராத்திரி பண்ணினார்கள். பகலில் கடையிலிருந்து சாப்பிட வந்தால் வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், துணியை விலக்கி உள்ளே காலை வைத்தால் கும்மிருட்டு. நானே இரண்டு தடவை நாற்காலியில் இடித்துக்கொண்டேன். ஜெனரேட்டர் சத்தம் வேறு. கதாநாயகன் ஒரு மருந்துக் கம்பெனியில் ரெப்பாம். பேயைப் பார்த்து அவன் பயப்படுகிற லட்சணத்தைப் பார்த்தால் டாக்டர் ரூமுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவன் மாதிரியே இருக்கும்.

கதாநாயகி மட்டும் நன்றாக நடித்தாள். ஸ்வர்ணலதா என்று பெயர், சிதம்பரம் கீழவீதிப் பெண். காலேஜில் நாடகம் போட்டவளாம். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் ஒரு படத்திலாவது முகம் வந்துவிட வேண்டும் என்ற ஆசையில் வந்திருந்தாள். சௌந்தரத்துக்கு அவளைப் பிடித்துவிட்டது. முதல் நாள் அந்தப் பெண் உடை மாற்ற இடமில்லாமல் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நின்றதைப் பார்த்துவிட்டு, மாடி அறையைத் திறந்து விட்டாள்.

நான் அவளைத் தனியாக அழைத்துக் கேட்டேன். "அந்த ரூமையா குடுத்த?"

"பொம்பளப் புள்ளைங்க. வேற எங்க போவும்?"

அதற்குப் பிறகு தினமும் அந்தப் பெண்ணுக்குத் தலை வாரி, தொடுத்த பூ வைத்து விட்டாள். மொத்த ஆட்களுக்கும் இவளே சமைத்தாள். சுறாப்புட்டு செய்தாள். அது அருள்மொழிக்கு உயிர். அவள் கல்யாணத்துக்கு அப்புறம் இவள் அடுப்பில் ஏற்றாத பதார்த்தம். அந்தப் பெண் சைவமாம், தொடவில்லை. கல்யாண ஆட்கள் வழித்துச் சாப்பிட்டார்கள். வாசல்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த சௌந்தரத்தின் முகத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தது. எனக்கு உள்ளூரப் பயமாகவும் இருந்தது. இவர்கள் போன பிறகு இவள் என்ன ஆவாள் என்று நினைத்தேன்.

ஒருநாள் ஸ்வர்ணலதா செத்துக்கிடக்கிற காட்சி. கூடத்தின் நடுவில் அவளைப் படுக்க வைத்து, மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கால் கட்டைவிரலைச் சேர்த்துக் கட்டு என்று எல்லாம் செய்திருந்தார்கள். நான் கடைக்குப் போகாமல் நின்றுவிட்டேன். சௌந்தரம் அடுக்களை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காட்சி முடிந்ததும் ஞானசேகரன், "எழுந்துடாதம்மா. அப்படியே கேமராவைப் பாத்து ஒரு சிரிப்பு சிரி" என்றான். மூக்கில் பஞ்சோடு அந்தப் பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"எதுக்குப்பா சிரிக்கச் சொல்ற?" என்று சௌந்தரம் கேட்டாள்.

சபேசன்தான் பதில் சொன்னான். "சினிமால இது ஒரு ஐதீகம்மா. செத்த மாதிரி படுத்தவங்க அப்படியே எழுந்து போவக்கூடாது. சிரிக்கறதையும் ஒரு தடவ எடுத்துடணும். படத்துல வராது. ஆனா சிரிச்சாத்தான் தோஷம் கழியும்."

சௌந்தரம் போய் அந்தப் பெண்ணின் மூக்குப் பஞ்சைத் தன் கையாலேயே எடுத்துப் போட்டாள். கட்டை அவிழ்த்தாள். கைப்பிடி உப்பால் சுற்றிப் போட்டுவிட்டு, முகம் கழுவ அழைத்துப்போனாள்.

மறுநாள் நடந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கதைப்படி அந்த வீட்டில் செத்துப்போன பழைய ஜோடியின் படம் ஒன்று மாலையோடு கூடத்தில் தொங்க வேண்டும். அதற்கு ஸ்வர்ணலதாவையும் கதாநாயகனையுமே பழைய காலத்து உடையில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தார்கள். சங்கதி தெரிந்து அவள் அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் நிச்சயமான பெண்ணின் படத்துக்குச் சந்தன மாலை போடுவீர்களா என்று ஒரு பிடி பிடித்திருக்கிறாள். நியாயம்தானே? சபேசனுக்கும் அது நியாயமாகவே பட்டிருக்கிறது. கல்யாண மேடை ஜோடிக்கிறவன், மங்கலம் அமங்கலம் தெரிந்தவன். உயிரோடு இருக்கிற யார் படத்துக்கும் மாலை போடமாட்டேன் என்று அவனே சொல்லியிருக்கிறான். பிறகு வேறு படத்துக்கு எங்கே போவது என்று யோசித்தவன் கண்ணில் மாடி அறைக் கல்யாணப் படம் பட்டிருக்கிறது. கிள்ளை டீக்கடையில் அவனுக்கு எங்கள் கதையைச் சொல்லியிருந்தார்கள். உண்மையிலேயே இறந்துபோனவர்கள், மாலை போட்டால் அவர்களுக்கு மரியாதைதான், யாருக்கும் தோஷமில்லை என்று அவன் நினைத்துவிட்டான். சௌந்தரத்திடம் கேட்டுச் செய்ய வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. செத்தவர் படத்துக்கு மாலை போட யாராவது உத்தரவு கேட்பார்களா?

மதியம் சாப்பிட வந்தேன். வாசல் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். இருட்டில் ஒரே ஒரு சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிந்தது. அதற்கு மேலே, சந்தன மாலைக்கு நடுவில், என் மகளின் முகம்.

கோபம் வரவில்லை. அதை இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை. பேனைப் பெருமாள் ஆக்குகிறவன் என்று என் கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பற்றிச் சொல்வார்கள். அப்படிப்பட்ட எனக்கு அந்த இடத்தில் கோபம் வரவில்லை. ஆறு வருஷமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது சரசரவென்று இறங்கியது. சௌந்தரம் பார்ப்பதற்குள் அதைக் கழற்றிவிட வேண்டும் என்று புத்திக்குத் தெரிந்தது. கை கேட்கவில்லை. இரண்டு கையும் தானாகக் குவிந்துகொண்டன. கண்ணை மூடி, "அருளு, அப்பா உனக்கு ஒண்ணுமே செய்யலம்மா" என்று சொல்லி அழுதேன். இருட்டில் யார் யார் நின்றார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது டீத் தட்டோடு சௌந்தரம் என் பக்கத்தில் நின்றாள்.

அவள் படத்தைப் பார்த்தாள். குவிந்திருந்த என் கையைப் பார்த்தாள். தட்டைக் குனிந்து தரையில் வைத்தாள்.

"நீங்களும் கும்புட்டீங்களா?" என்றாள்.

இத்தனை வருஷம் அவள் பக்கத்தில் நான் மட்டும்தான் நிற்கிறேன் என்று அவள் நினைத்திருந்தாள். அதுவும் போய்விட்டது. அவள் கேட்ட விதத்திலேயே அது எனக்குத் தெரிந்தது.

சபேசன் ஓடி வந்தான். "அம்மா, தப்பா நெனச்சி எதுவும் செய்யலம்மா. உசுரோட இருக்கறவங்க படத்துக்குப் போடக்கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தவன், தான் என்ன சொல்கிறோம் என்பது புரிந்து பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"உசுரோட இருக்கறவ படத்துக்குப் போட்டுட்டா என்னா செய்வ?" என்று கேட்டாள் சௌந்தரம்.

சபேசன் ஞானசேகரனைத் திரும்பிப் பார்த்தான். அவளே தொடர்ந்தாள்.

"நேத்து அந்தப் பொண்ணச் சிரிக்க வச்சீங்க இல்ல? எம் பொண்ணையும் சிரிக்க வையுங்க. தோஷம் கழியட்டும்."

ஞானசேகரன் கேமராவைக் கீழே இறக்கினான். "அம்மா, மன்னிச்சிடுங்கம்மா. இப்பவே எல்லாத்தையும் எடுத்துடறோம்."

"ஏன் எறக்கற? தூக்கிப் புடி. அவ வந்து சிரிப்பா. சிரிச்சாத்தான் போவும்னு நீங்கதான சொன்னீங்க."

அவள் அதட்டவில்லை, கத்தவில்லை. சாதம் போடட்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வேறு வழி தெரியாமல் ஞானசேகரனும் கேமராவைத் தூக்கினான். அங்கே இருந்த அத்தனை பேரும் வாசலில் தொங்கின கறுப்புத் துணியையே பார்த்தோம். வெளியே ஆனி மாதத்துக் காற்று. துணி உப்பிக்கொண்டு உள்ளே வந்தது, பிறகு அடங்கியது. மறுபடி உப்பியது. அந்தப் பேய்ப்படம் எடுத்த நாட்களில் எல்லோரும் உண்மையாகப் பயந்தது அப்போதுதான். வருவாள் என்று நானும் ஒரு கணம் நம்பினேன். பாதித் தூக்கத்தோடு, நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, என்னம்மா இது இருட்டு என்று கேட்டுக்கொண்டு வருவாள் என்று நம்பினேன்.

யாரும் வரவில்லை.

சௌந்தரம் என் பக்கம் திரும்பினாள். "வரமாட்டாளாங்க?"

ஆறு வருஷத்தில் அவள் என்னைக் கேட்காத கேள்வி அது. கேட்டுவிடுவாளோ என்று பயந்துதான் நானும் பாதிநாள் கடையிலேயே கிடந்தேன். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு, "வரமாட்டா, சௌந்தரம்" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அழுதாள். கருமாதிப் பந்தலில் அழாத அழுகை, ஆஸ்பத்திரி வாசல்களில் அழாத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டாள். ஸ்வர்ணலதா ஓடிவந்து கட்டிக்கொண்டு கூடவே அழுதாள். அந்தப் பெண்ணின் முகத்தில் பேய் வேஷத்துக்குப் பூசின மையெல்லாம் சௌந்தரத்தின் தோளில் ஒட்டியது. ஜெனரேட்டரை யாரோ நிறுத்தினார்கள். ஜன்னல் துணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தார்கள். கூடத்துக்குள் நல்ல வெயில் வந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறிவிடுவாள் என்று நினைத்தேன். உதறவில்லை.

பொழுது சாயும்போது சபேசன் ஸ்டூலைப் போட்டு மாலையைக் கழற்றப் போனான். "இருக்கட்டும்பா. எடுக்காத" என்றாள் சௌந்தரம். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

மிச்சக் காட்சிகளை அவர்கள் வேறு இடத்தில் வைத்து எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் எந்தத் தியேட்டருக்கும் வரவில்லை. பேய்க்கே பிடிக்கவில்லையோ என்னவோ. ஞானசேகரன் மறுபடி கல்யாண வீடியோவுக்கே போய்விட்டான். எங்கள் வீட்டில் எடுத்ததையெல்லாம் அழித்துவிட்டதாகப் போனில் சொன்னான். நல்லவன்தான், பாவம்.

ஆடி பிறந்தது. "முதல் வெள்ளிக்கே அருளுக்குப் படைச்சிடலாங்க" என்று சௌந்தரமே சொன்னாள். அக்காவுக்கும் சொல்லி அனுப்பச் சொன்னாள். என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் அக்கா போனிலேயே ஆரம்பித்துவிட்டாள். "படைக்கறது சரிடா. பொடவ என்னா கலர்ல எடுப்ப? பூ பொட்டு வச்சிப் படைக்கறதா, இல்ல வெள்ளையா? யாரு முன்ன போனாங்கன்னு தெரியாம எத வைக்கறது?" நான் போனை வைத்துவிட்டேன். சௌந்தரம் பக்கத்தில்தான் இருந்தாள். அக்காவின் குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

புடவை எடுக்கச் சிதம்பரம் போனோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கீழவீதி வரைக்கும் நடந்து வந்தோம். கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகப் போனவள் நின்றாள்.

"ஏங்க."

"என்னா?"

"தட்சிணாமூர்த்தி கரையில நின்னாரு. அவரு கண்ணால பாத்திருப்பாரு. உங்ககிட்ட எதுனா சொன்னாரா? யாரு முன்ன போனாங்க?"

சொல்லியிருந்தார். பத்தாம் நாள் வந்து, கடை மூலையில் உட்கார்ந்து, என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு அழுதார். கடல் உள்வாங்கியபோது மாப்பிள்ளை வேடிக்கை பார்க்கக் கீழே இறங்கிப் போயிருக்கிறார். துள்ளுகிற மீன்களைக் கையில் பிடித்துக் காட்டி அவளைக் கூப்பிட்டிருக்கிறார். அடுத்து வந்த தண்ணீர் அவரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. அருள்மொழி மேட்டில்தான் நின்றிருந்தாள். ஒரு பனைமரத்தைக் கட்டிப்பிடித்தபடி, நீயும் பிடித்துக்கொள் என்று தட்சிணாமூர்த்தி தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். அவள் கேட்கவில்லை. புருஷன் போன பக்கமே தண்ணீருக்குள் ஓடியிருக்கிறாள்.

இரண்டுக்கும் நடுவில் நாலு மூச்சு விடுகிற நேரம் இருந்திருக்குமா? அந்த நாலு மூச்சுக்காக என் பிள்ளைக்கு வெள்ளைப் புடவையா? கல்யாணமாகி ஒரு மாதம் ஆகாத பிள்ளை. தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட மங்கவில்லை. முறையாவது மண்ணாங்கட்டியாவது என்று எனக்குக் கொதித்தது.

"அருளுதான் முன்ன போச்சு" என்றேன். "அலை அவள இழுத்துக்கிச்சு. மாப்ள தூக்கப் போனாரு. அவரும் போயிட்டாரு. தட்சிணாமூர்த்தி பாத்திருக்காரு."

சௌந்தரம் என் முகத்தையே பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் நடத்துகிறவள். நான் பொய் சொன்னால் கண்டுபிடிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொரு தடவை கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப செவப்பே எடுத்துடலாங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் கடைப்படி ஏறினாள்.